ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு நகரம்: அண்ணாமலை செட்டியார் போட்ட கணக்கு

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர். மேற்கே பழைய ஊர். நடுவில் நடராஜர் கோயில், சுற்றிலும் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி, அதற்கு வெளியே நெருக்கியடித்து வளர்ந்த தெருக்கள். கிழக்கே அண்ணாமலை நகர். அகலமான சாலைகள், மரங்கள், விடுதிகள், வகுப்பறைகள், குடியிருப்புகள். இரண்டுக்கும் நடுவே ஒரு தண்டவாளம்தான். ஆனால் பின்கோடு வேறு, உள்ளாட்சி வேறு, பிறந்த கதையும் வேறு. முன்னது தேர் ஓடுவதற்காக அமைந்த ஊர். பின்னது வெளியூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து தங்கப்போகிறார்கள் என்று தெரிந்தே, ஒரு மனிதர் பணம் போட்டு உருவாக்கிய ஊர்.

ஒரு சிறிய ஊருக்குத் திடீரென்று நிறையப் பேர் வந்தால் அவர்களை எங்கே வைப்பது? இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு நகராட்சியும் திணறும் கேள்வி இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அவரைக் கல்வி வள்ளல் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் அமைத்தவர் என்று அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

கானாடுகாத்தான் பிள்ளை

1881 செப்டம்பர் 30 அன்று செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். தந்தை முத்தையா செட்டியார், தாய் மீனாட்சி ஆச்சி. வட்டித் தொழிலில் கடல் கடந்து போய்ச் சம்பாதித்த நகரத்தார் குடும்பம்.

பிறந்த ஊரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்களின் வீடுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தளம், வளவு, இரண்டாம் கட்டு என்று பட்டியல் நீளும். வீட்டை விட்டு வெளியே வந்து தெருவைப் பார்த்தால் அதைவிட ஆச்சரியம். நூல் பிடித்தாற்போல் நேர்க்கோட்டில் வீதிகள். ஒரு வீதியில் முகப்பு, அடுத்த வீதியில் பின்வாசல் என்று நீளும் மனைகள். மழை குறைந்த வறண்ட பூமி என்பதால் கூரையில் விழும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும், அங்கிருந்து தெரு வாய்க்காலுக்குப் போகும், கடைசியில் ஊருணியில் சேரும். ஊருக்கு முதலில் தெருவும் தண்ணீர் போகும் வழியும் வேண்டும், வீடெல்லாம் அப்புறம்தான் என்பது அங்கே வளர்ந்த ஒருவருக்குப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

காசு எங்கிருந்து வந்தது?

இதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவில் விளைந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை அழித்து நெல் பயிரிட்ட விவசாயிகளுக்கு ஆங்கிலேய வங்கிகள் கடன் தரவில்லை. செட்டியார் கடைகள் தந்தன. நிலத்தை அடமானம் வாங்கிக்கொண்டு தந்தன. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாமல் நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆகிவிட்டது. பர்மா விவசாயிக்கு இது எப்படிப்பட்ட வலி என்பதை விளக்க வேண்டியதில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நகரத்தார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தும் கப்பலேறியும் திரும்பினார்கள். போன பணம் போனதுதான்.

அண்ணாமலை செட்டியாரின் குடும்பமும் இந்தப் பெரிய வலையில் ஒரு கண்ணி. ஆனால் பணத்தை அடுத்த கடனுக்கே சுற்றவிடாமல் வேறு திசைகளிலும் திருப்பினார்கள். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு காணாமல் போனது. வெள்ளைக்காரர் வங்கியை நம்பியது போதும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் புது வங்கி ஒன்றுக்கு ஆள் சேர்த்தார். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அண்ணன் ராமசாமி செட்டியாரும் தம்பி அண்ணாமலை செட்டியாரும் அதில் முன்னின்றார்கள்.

அதே அண்ணன் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் சிதம்பரம் ஊருக்குள் இன்றும் நடக்கிறது. அதாவது, தம்பி சிதம்பரத்துக்கு வருவதற்கு முன்பே குடும்பத்துக்கு அந்த ஊரோடு பழக்கம் இருந்தது.

சரி, ஏன் சிதம்பரம்?

1920இல் அண்ணாமலை செட்டியார் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். செட்டிநாட்டுக்காரர் காரைக்குடியிலோ மதுரையிலோ தொடங்காமல் தென்னாற்காட்டுக்கு வந்தது முதல் பார்வையில் புதிராக இருக்கும். காரணங்கள் இல்லாமல் இல்லை. சைவருக்குக் கோயில் என்றாலே சிதம்பரம். சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் ரயில் பாதை அதன் வழியாகத்தான் போகிறது. மாணவன் எங்கிருந்து வந்தாலும் வண்டி மாறாமலோ, ஒரு தடவை மாறியோ இறங்கிவிடலாம். அடுத்து நிலம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தட்டையான சமவெளி. மதுரையிலோ சென்னையிலோ அதே பணத்துக்கு எத்தனை மனை கிடைத்திருக்கும் என்று ஒரு வட்டிக்கடைக்காரருக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

ஆனால் சிதம்பரத்துக்கும் ஒரு குறை இருந்தது. இடம் இல்லை. 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 19,909. ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புள்ள கோயில் நடுவே உட்கார்ந்திருக்க, மீதி இடத்தில்தான் வீடு, கடை, சத்திரம், மடம் எல்லாம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என்றால் தேர் வீதிகளில் கால் வைக்க முடியாது. அந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கொண்டுவந்து வாடகை வீடுகளிலும் சத்திரங்களிலும் அடைத்தால் என்ன ஆகும்? வாடகை ஏறும், கிணறு வற்றும், சாக்கடை நிரம்பும். அந்தக் காலத்தில் அதோடு காலராவும் வரும்.

கல்லூரி வளரத் தொடங்கியபோது அது கால் ஊன்றியது தண்டவாளத்துக்குக் கிழக்கே, திருவேட்களம் பக்கம். தேவாரப் பாடல் பெற்ற பாசுபதேசுவரர் கோயில் உள்ள பழைய சிற்றூர் அது. அந்தக் கோயில் இப்போது பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு பகுதி போலவே ஆகிவிட்டது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

அந்தச் சமயத்தில் சென்னை மாகாணத்தில் நகர் அமைப்பு என்பது சூடான பேச்சு. ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடஸ், ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். அவர் கூடவே வரவேண்டிய நகர அமைப்புக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன், நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நடந்து போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். கோயில் நகரங்களின் வீதி அமைப்பில் அவருக்குப் பெரிய மரியாதை உண்டு. நெரிசலைக் குறைக்கிறேன் என்று தெருவையே இடித்துத் தள்ளாதே, நோய் உள்ள இடத்தில் மட்டும் கத்தி வை என்பது அவர் கொள்கை. 1920இல் சென்னை நகர் அமைப்புச் சட்டம் வந்தது. 1923 தொடங்கி மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் உருவானது.

நெரிசலுக்கு அன்றைக்கு இரண்டு மருந்துகள் இருந்தன என்று சொல்லலாம். ஒன்று, பழைய ஊரை மெதுவாகச் சீர்செய்வது. மற்றொன்று, பக்கத்திலேயே புது ஊர் போடுவது. இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்ட் 1898இல் இரண்டாவதை முன்வைத்தார். நகரம் ஓர் அளவுக்கு மேல் பெருக்க விடாதே, சுமார் 32,000 பேரோடு நிறுத்தி, வயல்வெளியைத் தாண்டி அடுத்த நகரத்தைக் கட்டு என்றார். 1903இல் லெச்வொர்த் என்ற ஊர் அப்படி எழுந்தது. இந்தியாவில் டாட்டாக்கள் ஜாம்ஷெட்பூரைக் கட்டினார்கள்.

தியாகராய நகருக்கும் அண்ணாமலை நகருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். தியாகராய நகரில் மனை போட்டு விற்றார்கள். வாங்கியவர் வீடு கட்டினார், பிள்ளைகள் மாடி எடுத்தார்கள், பேரன்கள் கடைக்கு விட்டார்கள். ரங்கநாதன் தெருவில் முடிந்தது. அண்ணாமலை நகரின் மையத்தில் மனை விற்பனையே இல்லை. நிலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால் முப்பது வருடம் கழித்து வரப்போகிற கட்டடத்துக்கும் இடம் காலியாகக் காத்திருக்க முடிந்தது.

தங்கிப் படிக்கும் ஊர்

1920களில் அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியோடு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தார். தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். இதற்கிடையே 1923இல் செட்டியாருக்கு சர் பட்டம் கிடைத்தது. சென்னைச் சட்டமன்றத்திலும் டெல்லி மேலவையிலும் உறுப்பினராக இருந்தவர் என்பதால் அரசாங்கத்தோடு பேசத் தெரிந்தவர்.

1928இல் பேச்சு முடிந்தது. கல்லூரிகளை ஒப்படைத்து, மேலே 20 லட்சம் ரூபாயும் தருகிறார், அரசு பல்கலைக்கழகம் ஆக்க வேண்டும். அரசும் தன் பங்குக்கு மானியம் கொடுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. எஸ்.இ.ரங்கநாதன் முதல் துணைவேந்தர். அதே ஆண்டில் செட்டியாருக்குப் பரம்பரை ராஜா பட்டமும் வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்களில் உள்ள கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. அண்ணாமலை அப்படி இல்லை. பாடம் நடத்துவதும் அங்கேதான், மாணவர் தங்குவதும் அங்கேதான். இது கல்விக் கொள்கை மட்டும் இல்லை, நகர் அமைப்புக் கொள்கையும்கூட. தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்று சட்டத்தில் எழுதிவிட்டால், சேர்க்கையைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் கட்டில், தண்ணீர், கழிப்பறை, சமையல்கூடம் பற்றி யோசித்தே ஆக வேண்டும். ஆளைச் சேர்த்துக்கொண்டு தங்குவது உன் பாடு என்று கைவிரிக்க முடியாது. இன்றைக்கு தொழிற்பேட்டைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, வேலைக்கு வருகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதைச் சந்தைக்கு விடுவதோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

கிழக்கு விடுதி, மேற்கு விடுதி, நூலகம், ஆசிரியர் குடியிருப்பு என்று ஊர் விரிந்தது. 1935இல் துணைவேந்தராக வந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரில் சாஸ்திரி ஹால் இருக்கிறது. ஆந்திரம், கேரளம், இலங்கை என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931இல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பின்னாளில் தமிழக அரசியலைப் புரட்டிப்போட்ட நெடுஞ்செழியனும் அன்பழகனும் இந்த விடுதி வராந்தாக்களில் வாதம் செய்து பழகியவர்கள்தான். பேசுவதற்கு நேரமும் இடமும் இருக்கிற ஊரில் பேச்சு வளர்கிறது!

இசைக் கல்லூரி 1929இலேயே வந்துவிட்டது. 1941இல் அண்ணாமலை நகரில் நடந்த தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் பிறந்த தமிழ் இசைச் சங்கமும் தனிக் கதை. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டதற்காகச் சங்கீத வித்வான்கள் பலரின் எதிர்ப்பை செட்டியார் சம்பாதித்தார், பின்வாங்கவில்லை.

1948 ஜூன் 15 அன்று காலமானார். சென்னையில் அடையாறு ஆற்றோரம் ராஜா அண்ணாமலைபுரம் என்று இன்னொரு பகுதியும் அவர் பெயரில் இருக்கிறது.

கணக்கு எங்கே சரி, எங்கே பிசகியது?

சரியான இடம் நிலம்தான். 1945இல் பொறியியல், 1955இல் வேளாண்மை, 1985இல் மருத்துவக் கல்லூரி என்று அடுக்கடுக்காக வந்தபோது பழைய சிதம்பரத்தின் தேர் வீதிகளைத் தொட வேண்டி வரவில்லை. வேளாண்மைக்கு வயல் வேண்டும், மருத்துவத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும். ஊருக்குள் இருந்திருந்தால் நடந்திருக்குமா? வளாகம் இன்று ஏறத்தாழ 1,000 ஏக்கர். சிதம்பரம் நகராட்சியின் பரப்பே சுமார் ஐந்து சதுர கிலோமீட்டர்தான், அதாவது 1,200 ஏக்கர் போல. ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நகராட்சியும் ஏறக்குறைய ஒரே அளவு! அந்த நகராட்சிக்குள் 2011இல் 62,153 பேர். இத்தனை கூட்டத்தோடு விடுதி மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும்.

பிசகிய இடங்களும் உண்டு. முதலாவது, ஒரே முதலாளி ஊரின் பலவீனம். பல்கலைக்கழகம் செழித்தால் ஊர் செழிக்கும், அது இருமினால் ஊருக்குக் காய்ச்சல். சட்டப்படி நிறுவனரும் அவருக்குப் பின் வாரிசும் இணைவேந்தர். துணைவேந்தர் தேர்விலும் அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. நிறுவனர் கவனமாக இருக்கும்வரை இது வேகம் தரும், தட்டிக்கேட்க ஆள் இல்லாமல் போனால் அதுவே ஆபத்து. பிற்காலத்தில் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் சேர்க்கப்பட்டு, 2012இல் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம் வந்தது. 2013இல் அரசு ஐஏஎஸ் அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பரம்பரை இணைவேந்தர் பதவி முடிந்தது. உபரி ஊழியர்கள் மாநிலத்தின் பல ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். டீக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், வாடகைக்கு வீடு விட்டவர் எல்லோருக்கும் அது அடி.

இரண்டாவது, வேலிக்கு வெளியே என்ன நடக்கும் என்று யோசிக்காதது. இப்படிப்பட்ட ஊர்கள் எல்லாவற்றிலும் இது நடக்கும், அதே கடலூர் மாவட்டத்தில் 1956க்குப் பிறகு எழுந்த நெய்வேலியைச் சுற்றியும் பார்க்கலாம். உள்ளே வரைபடம் போட்ட சாலைகள். வெளியே, உள்ளே வேலை செய்கிறவர்களும் அவர்களை நம்பிப் பிழைக்கிறவர்களும் கட்டிக்கொண்ட வீடுகள். அங்கே சாலைக்கும் சாக்கடைக்கும் யார் பொறுப்பு? அண்ணாமலை நகர் ஒரு பேரூராட்சி, சிதம்பரம் ஒரு நகராட்சி, ஓரத்தில் சி.தண்டேஸ்வரநல்லூர், பள்ளிப்படை போன்ற ஊராட்சிகள். வீடு கட்டுகிறவருக்கு எல்லைக் கோடு கண்ணில் தெரியாது. குப்பை வண்டிக்கு மட்டும் தெரியும்.

மூன்றாவது தண்ணீர். இதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிற விஷயம். சிதம்பரம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். மேற்கே வீராணத்துப் பக்கமிருந்து வரும் வெள்ளம் கான்சாகிப் வாய்க்கால் போன்ற கால்வாய்கள் வழியாகக் கிழக்கே ஓடி, பிச்சாவரத்துக் கழிமுகத்தில் கடலைச் சேர வேண்டும். பழைய ஊருக்குக் கிழக்கே என்றால், தண்ணீர் வெளியேறும் வழியில் என்று அர்த்தம். வயலும் குட்டையுமாக இருந்தவரை வெள்ளம் பரவி வடிய இடம் இருந்தது. வளாகத்துக்குள் திறந்தவெளி மிச்சம் இருப்பதால் அங்கே இன்றும் ஓரளவு வடிகிறது. சுற்றுப்புறத்தில் மனைப்பிரிவுகள் வாய்க்கால் கரை வரை வந்துவிட்டன. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

கானாடுகாத்தானில் கூரைத் தண்ணீர் முற்றம், வாய்க்கால், ஊருணி என்று போகும் வழியை முதல் வீடு கட்டுவதற்கு முன்பே குறித்து வைத்திருந்தார்கள். சிதம்பரத்துக்கும் கடலுக்கும் நடுவே அந்த வழி ஒரு நகராட்சி, ஒரு பேரூராட்சி, சில ஊராட்சிகள், ஒரு பல்கலைக்கழகம், நீர்வளத் துறை என்று பல கைகளில் கிடக்கிறது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் அவரவர் எல்லைக்குள் அவரவர் தூர் வாருகிறார்கள்.